வீட்லயே புத்தகத்தைப் பக்கம் பக்கமா போட்டோ எடுக்க ஒரு செட்டப்: எல்லாரும் கேக்குற கேள்விகள்

அட்டைப்பெட்டியை வெட்டி ஆரம்பிச்சு இப்போ பலகையில ஒரு ஸ்டாண்டு அடிச்சு வச்சிருக்கேன், நடுவுல ஒரு அறுபது எழுபது புத்தகம் எடுத்திருப்பேன். பார்க்குறவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகத்தைத்தான் கேக்குறாங்க, அதனால அவங்க கேட்ட வார்த்தையிலயே கேள்வியைப் போட்டு பதில் எழுதிட்டேன். முன்னாடி சொன்னதை பின்னாடி திரும்ப சொல்ல மாட்டேன், அதனால மேல இருந்து படிச்சுட்டு வாங்க.

ஃபோன்லதான் ஸ்கேனர் ஆப் இருக்கே, அப்புறம் எதுக்குங்க இவ்வளவு கஷ்டம்?

பத்து பக்கம்னா ஆப் போதும், இதைப் படிக்கவே வேணாம். முந்நூறு பக்கம்னா கதை வேற. கையில பிடிச்சு எடுக்கும்போது ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு உயரம், ஒவ்வொரு சாய்வு, ஒண்ணுல உங்க தலை நிழல், இன்னொண்ணுல ஆப் தானா ஓரத்தை வெட்டி கடைசி வரியை முழுங்கிடும். அதை எல்லாம் பக்கம் பக்கமா உக்காந்து சரி பண்ணணும்.

செட்டப்ல எடுத்தா தப்பே வராதுன்னு சொல்லலை. தப்பு வந்தா எல்லா பக்கத்துலயும் ஒரே தப்பா வரும். ரெண்டு டிகிரி சாய்ஞ்சிருந்தா முந்நூறும் ரெண்டு டிகிரி சாய்ஞ்சிருக்கும், கம்ப்யூட்டர்ல ஒரே அடியில நிமிர்த்திடலாம். இந்த வேலையோட சூட்சுமமே இவ்வளவுதான், கீழ சொல்றது எல்லாம் இதுக்காகத்தான்.

ஃப்ளாட்பெட் ஸ்கேனர் ஒண்ணு சும்மா கிடக்கு, அதுல குவாலிட்டி இன்னும் நல்லா வராதா?

தனித்தாளா இருந்தா நல்லாவே வரும். பைண்ட் பண்ண புத்தகம்னா அதைக் குப்புறப் போட்டு அமுக்கணும், அப்பவும் நடுமடிப்புகிட்ட எழுத்து வளைஞ்சு இருட்டடிச்சுப் போகும். மெலிசா வர்ற ஸ்கேனர்கள்ல தாள் கண்ணாடியை விட்டு கொஞ்சம் தூக்கினாலே மங்கிடும். நல்லா அமுக்கினா பைண்டிங் விட்டுடும். அதோட ஒவ்வொரு பக்கத்துக்கும் புத்தகத்தைத் தூக்கு, திருப்பு, திரும்பப் போடுன்னு அம்பதாவது பக்கத்துலயே வெறுத்துடும்.

குறைஞ்சபட்சம் என்னதான் வேணும், கடைசியா சொல்லிடுங்க

ஃபோன், அதை ஆடாம மேல பிடிச்சுக்க ஏதாவது ஒண்ணு, ஒரே மாதிரி ரெண்டு எல்இடி விளக்கு, புத்தகப் பக்கத்தைவிட கொஞ்சம் பெரிய கண்ணாடி ஒண்ணு, கெட்டியான அட்டைப்பெட்டி, கறுப்பு சார்ட் ரெண்டு, சின்ன முகம் பார்க்குற கண்ணாடி ஒண்ணு. கடைசி ஐட்டம் எதுக்குன்னு அப்புறம் சொல்றேன், அதை மட்டும் விட்டுடாதீங்க.

புத்தகத்தை அப்படியே விரிச்சு வச்சு ரெண்டு பக்கத்தையும் ஒரே ஷாட்ல எடுத்தா பாதி நேரம் மிச்சம்தானே?

நேரம் மிச்சம்தான். ஆனா புத்தகம் 180 டிகிரி விரியாது, விரிய வச்சா முதுகு உடையும். விரியாத புத்தகத்துல ரெண்டு பக்கமும் நடுவுல பள்ளத்துல போய் இறங்கும், அங்க இருக்குற எழுத்தெல்லாம் ஒடுங்கித் தெரியும். 100 டிகிரி அளவுக்குத் திறந்து வச்சா பெரும்பாலான புத்தகம் வலிக்காம நிக்கும், பக்கமும் தட்டையா வரும்.

பெரிய செட்டப்கள்ல வி ஷேப்புல ஒரு தொட்டில், மேல வி ஷேப்புலயே கண்ணாடி, ரெண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு கேமரான்னு வைப்பாங்க. 2009-ல டேனியல் ரீட்ஸ்னு ஒருத்தர் தூக்கிப்போட்ட சாமானையும் சாதா டிஜிட்டல் கேமரா ரெண்டையும் வச்சு இப்படி ஒண்ணு பண்ணி, செய்முறையை எல்லாருக்கும் எழுதிப் போட்டார், வீட்ல செய்யுறவங்களோட டிசைன் நிறைய அதுல இருந்து வந்ததுதான். ஒரே ஒரு ஃபோன் வச்சிருக்கவங்களுக்கு அது தேவையில்லை, எல் ஷேப் போதும்: எடுக்குற பக்கம் படுத்திருக்கும், மீதிப் புத்தகம் சுவத்துல சாய்ஞ்சு நிக்கும், ஃபோன் நேர் மேல இருந்து பார்க்கும்.

அட்டைப்பெட்டியிலயே பண்ணலாம்னு சொல்றீங்க, எப்படின்னு கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன்

பெட்டியோட ஒரு நீளமான பக்கச் சுவரை மட்டும் விட்டுட்டு மத்த மூணையும் வெட்டிடுங்க. அடித்தளம் ஒண்ணு, இடது பக்கம் ஒரு சுவர் மிஞ்சும். அந்தச் சுவரை நேரா நிக்க விடாம வெளிப்பக்கமா ஒரு பத்து டிகிரி சாய்ச்சு, பின்னாடி முக்கோண அட்டை ரெண்டு ஒட்டி முட்டுக் குடுங்க. சுவரும் தரையும் சேர்ற மூலையில ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விடுங்க, புத்தகத்தோட முதுகு அதுல போய் உக்காரும். இந்த இடைவெளி விடாம நான் முதல்ல பண்ணதுல தடி புத்தகம் வச்சா பக்கம் எம்பிக்கிட்டே நின்னுச்சு.

இன்னொரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. பக்கம் திருப்பத் திருப்ப படுத்திருக்குற பக்கத்துக்கு அடியில தாள் குறைஞ்சுக்கிட்டே போகும், பக்கம் ஃபோனை விட்டு கீழ இறங்கும். ரெண்டு சென்டிமீட்டர் தடிமன் உள்ள புத்தகம், ஃபோன் 50 சென்டிமீட்டர் மேலன்னா, முதல் பக்கத்துக்கும் கடைசி பக்கத்துக்கும் எழுத்து சைஸ்ல சுமார் 4 சதவீதம் வித்தியாசம் வரும். அதனால அம்பது பக்கத்துக்கு ஒருக்கா அடியில ஒரு அட்டை சொருகி பழைய உயரத்துக்குக் கொண்டு வந்துடுங்க.

என் ஃபோன் சாதா ஃபோன்தான், 12 மெகாபிக்சல், பத்துமா?

பத்தும். கணக்கு போட்டே பார்க்கலாம். 12 மெகாபிக்சல்னா நீளவாக்குல சுமார் 4000 பிக்சல். ஏ4 பக்கத்தோட நீளம் 11.7 இன்ச், பிரேமை முழுசா நிரப்பினா இன்ச்சுக்கு 340 சொச்சம் வருது, ஓரத்துல கொஞ்சம் இடம் விட்டாலும் 300 டிபிஐ (இன்ச்சுக்கு 300 பிக்சல்) கிடைக்கும். ஏ5 சைஸ் புத்தகம்னா 8.3 இன்ச்தான், 400-க்கு மேல தாராளமா வரும். சாதாரண எழுத்துக்கு 300 போதும், பொடி எழுத்துல அடிக்குறிப்பு நிறைய இருந்தா 400 கிட்ட இருந்தா நல்லது.

அந்த 108, 200 மெகாபிக்சல் மோடை நம்பி இறங்காதீங்க. சென்சார் சைஸ் அதேதான், புள்ளி மட்டும் பொடியாகுது, வீட்டு வெளிச்சத்துல ஃபைல் பெருசாகுற அளவுக்கு விவரம் கூடுறது இல்ல.

ஃபோனை எவ்வளவு உயரத்துல வைக்கணும்? நேரா இருக்கான்னு எப்படி தெரியும்?

ஓரத்துல கொஞ்சம் இடம் விட்டு, பக்கம் பிரேமை கிட்டத்தட்ட நிரப்புற உயரம். ரொம்பக் கிட்ட வச்சா ரெண்டு பிரச்சனை, பக்கத்தோட ஓரக்கோடு பீப்பாய் மாதிரி உப்பித் தெரியும், அதோட சில ஃபோன் கிட்ட போனதும் சொல்லாம கொள்ளாம வைடு லென்ஸுக்கு மாறிடும், நூறு பக்கம் எடுத்த அப்புறம்தான் கவனிப்பீங்க. பிடிக்கிறதுக்கு ட்ரைபாடு இருந்தா சரி, இல்லைன்னா மேசை மேல உயரமா ரெண்டு பக்கம் ஏதாவது அடுக்கி, நடுவுல லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட பலகையைப் பாலம் மாதிரி வச்சு அது மேல ஃபோனைப் படுக்க வச்சுடலாம், இது ட்ரைபாடைவிட ஆடாது.

நேரா இருக்கான்னு பார்க்கத்தான் அந்தச் சின்ன முகம் பார்க்குற கண்ணாடி. பக்கம் இருக்க வேண்டிய இடத்துல அதைத் தட்டையா வைங்க, ஃபோன் ஸ்கிரீன்ல கட்டக்கோடு ஆன் பண்ணுங்க. கண்ணாடிக்குள்ள உங்க ஃபோனோட லென்ஸே தெரியும். அந்த லென்ஸ் ஸ்கிரீனோட சரி நடுப்புள்ளியில வந்துச்சுன்னா ஃபோன் செங்குத்தா பார்க்குதுன்னு அர்த்தம். தள்ளித் தெரிஞ்சா ஃபோனுக்கு அடியில ஒரு மூலையில மடிச்ச பேப்பரை வச்சு வச்சு நடுவுக்குக் கொண்டு வாங்க. ரசமட்டம், ஆப் எதுவும் வேணாம், மேசையே கோணலா இருந்தாலும் இது சரியாச் சொல்லும்.

கண்ணாடியா அக்ரிலிக்கா, எது பெட்டர்?

என் ஓட்டு கண்ணாடிக்கு. 3 அல்லது 4 மில்லிமீட்டர், ஓரத்தை கண்டிப்பா தேய்ச்சு வாங்கணும், தேய்க்காத ஓரம் விரலையும் கிழிக்கும் தாளையும் கிழிக்கும். தன் எடையிலயே பக்கத்தை அமுக்கிடும். அக்ரிலிக்ங்கிறது கண்ணாடி மாதிரி இருக்குற பிளாஸ்டிக், அவ்வளவு சீக்கிரம் உடையாது, லேசு, ஆனா சீக்கிரம் கீறல் விழும், துடைக்கத் துடைக்க ஸ்டாடிக் ஏறி தூசியை இழுக்கும், மெல்லிய தாளா இருந்தா தாளையே தூக்கிக்கிட்டு வரும்.

சாதா கண்ணாடியில லேசா பச்சை ஓடும். அதனால ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாவே காட்ட வைக்கிற கேமரா செட்டிங்) கண்ணாடிக்கு அடியில வெள்ளைப் பேப்பர் வச்சுத்தான் செட் பண்ணணும்.

கண்ணாடி வச்சதும் பக்கத்துல என் ஃபோனும் சீலிங் ஃபேனும்தான் தெரியுது, எழுத்தைக் காணோம்!

எல்லாருக்கும் முதல் நாள் இதுதான். மேல் விளக்கை அணைங்க, ஃபேனையும்தான், ஃபேன் தாளையும் பறக்கடிக்கும். கறுப்பு சார்ட்ல லென்ஸ் அளவுக்கு மட்டும் ஓட்டை போட்டு ஃபோனுக்குக் கீழ மாட்டிடுங்க, கண்ணாடிக்கு மேல பார்த்தா கறுப்பு மட்டும்தான் தெரியும், அது படத்துல விழாது.

அப்புறம் விளக்கு. பக்கவாட்டுல 45 டிகிரி, இல்லைன்னா அதைவிட தாழ்வா வச்சா வெளிச்சம் கண்ணாடியில பட்டு எதிர்ப்பக்கம் ஓடிடும், லென்ஸுக்கு வராது. சந்தேகமா இருந்தா முன்னாடி சொன்ன சின்னக் கண்ணாடியையே பக்கம் முழுக்க அங்கங்க நகர்த்திப் பாருங்க, எந்த இடத்துலயாவது ஃபோன் ஸ்கிரீன்ல பல்பு தெரிஞ்சா அந்த இடத்துல படத்துலயும் வெள்ளைத் திட்டு விழும்.

எல் ஷேப்ல விளக்கை இடது வலதுன்னு வைக்காதீங்க. இடது பக்கம் மீதிப் புத்தகம் நிக்குது, அந்த வெளிச்சத்தை அது மறைச்சு நடுமடிப்புல நிழல் அடிக்கும். பக்கத்தோட தலைப்பக்கம் ஒண்ணு, கால்பக்கம் ஒண்ணு வைங்க. மடிப்பு ஓடுற திசையிலயே வெளிச்சம் ஓடுறதால நிழலே விழாது. ரெண்டும் சமமா இருக்கான்னு பார்க்க பக்கத்து நடுவுல ஒரு பென்சிலை நிமிர்த்திப் பிடிங்க, ரெண்டு நிழலும் ஒரே நீளம், ஒரே கறுப்பா இருக்கணும்.

ஜன்னல் வெளிச்சம் நல்லாத்தானே இருக்கு, அதுவே போதாதா? எல்இடி வச்சா கோடு கோடா விழுது

ஜன்னல் வெளிச்சம் அழகுதான், ஆனா ஒரு மேகம் போனாலே மாறிடும். முதல் கேள்வியில சொன்ன "எல்லா பக்கமும் ஒரே மாதிரி" அங்கயே காலி. திரையைப் போட்டுட்டு விளக்கை மட்டும் நம்புங்க, ரெண்டும் ஒரே கலர் பல்பா இருக்கணும், முன்னாடி டிரேசிங் பேப்பர் கட்டினா வெளிச்சம் மெத்துன்னு பரவும்.

கோடு விழறது மின்சாரத்தோட துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் கரண்டுல மட்டமான எல்இடி நொடிக்கு 100 தடவை மினுக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். ஷட்டர் ஸ்பீடை (ஒரு படத்துக்குக் கேமரா வெளிச்சம் வாங்குற நேரம்) 1/50 நொடி இல்லைன்னா 1/100 வைங்க, 60 ஹெர்ட்ஸ் கரண்டு உள்ள நாட்டுல 1/60 அல்லது 1/120. அப்படியும் போகலைன்னா பல்பை மாத்துங்க.

பின்பக்க எழுத்து நிழல் மாதிரி தெரியுதே?

எடுக்குற தாளுக்கு அடியில கறுப்புப் பேப்பர் ஒண்ணு வைங்க. நம்பவே முடியாது, கறுப்பு வச்சதும் பின்பக்க எழுத்து மறைஞ்சிடும், வெள்ளை வச்சா தூக்கிக் காட்டும்.

கேமராவை ஆட்டோல விட்டுடலாமா?

வேணாம். ஆட்டோல விட்டா எழுத்து நிறைய உள்ள பக்கம் ஒரு வெளிச்சம், பாதி காலிப் பக்கம் ஒரு வெளிச்சம்னு தாவும். ப்ரோ மோடு இருந்தா ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு தூக்கிக் காட்டணும்ங்கிற செட்டிங்) 100 கிட்ட, ஷட்டர் மேல சொன்னது, ஒயிட் பேலன்ஸ் லாக், ஃபோகஸ் லாக். ப்ரோ மோடு இல்லைன்னா ஸ்கிரீன்ல விரலை அழுத்திப் பிடிச்சா பல ஃபோன்ல ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆகும். எச்டிஆர், அழகுபடுத்துற சமாச்சாரம் எல்லாத்தையும் அணைச்சுடுங்க.

பட்டனை விரலால அமுக்காதீங்க, ஆடும். வயர் இயர்ஃபோன்ல வால்யூம் பட்டன் பல ஃபோன்ல ஷட்டரா வேலை செய்யும், அதைத் தொங்க விட்டு அமுக்கலாம், இல்லைன்னா ப்ளூடூத் ரிமோட்.

ஒரே ஃபோன், ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான்னா பக்க வரிசை குழம்பாதா?

குழம்பாது, ஆனா இங்கதான் நான் மாட்டினேன். முறை என்னன்னா, முதல் சுத்துல வலது பக்கம் மட்டும், அதாவது 1, 3, 5ன்னு ஒத்தைப்படை. முடிஞ்சதும் புத்தகத்தை அப்படியே 180 டிகிரி சுத்தி வைங்க, இப்ப இரட்டைப்படைப் பக்கம் படுத்திருக்கும், படம் தலைகீழா வரும், அதைப் பத்தி கவலை வேணாம், மொத்தமா ஒரே தடவையில சுத்திக்கலாம். திரும்ப முதல்ல இருந்து 2, 4, 6. இந்தச் சுத்துல அடியில தாள் கூடிக்கிட்டே போகும், அதனால அட்டையைச் சொருகுறதுக்குப் பதிலா உருவிக்கிட்டே வரணும். ரெண்டையும் தனித்தனி ஃபோல்டர்ல போட்டு, பெயர் மாத்துற ஏதாவது ஒரு மென்பொருள்ல ஒத்தை இரட்டைன்னு நம்பர் குடுத்துச் சேர்த்துடுங்க.

ஒருத்தர்கிட்ட இரவல் வாங்கின 212 பக்கப் புத்தகம். ராத்திரி உக்காந்து எடுத்து, மறுநாள் காலையில நல்ல பிள்ளையா திருப்பிக் குடுத்துட்டேன். சாயங்காலம் ஃபோல்டரைப் பார்த்தா இரட்டைப்படை 106, ஒத்தைப்படை 105. தேடினா 85-க்கு அடுத்து 89 நிக்குது, ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு ஒண்ணா திரும்பியிருக்கு. ஒரே ஒரு பக்கத்துக்காக திரும்பப் போய் அவர் வீட்டு வாசல்ல நின்னேன், அவர் சிரிச்ச சிரிப்பு இன்னும் மறக்கலை. இப்பெல்லாம் புத்தகத்தை மூடுறதுக்கு முன்னாடி ரெண்டு ஃபோல்டர் எண்ணிக்கையும் சமமான்னு பார்ப்பேன், இருபது பக்கத்துக்கு ஒரு தடவை பக்க எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எடுப்பேன். வீட்ல பைத்தியம்னு நினைக்கிறாங்க, பரவாயில்ல.

தாத்தா காலத்துப் புத்தகம், தொட்டாலே உதிருது. க்ளவுஸ் போட்டுக்கிட்டு எடுக்கவா?

துணி க்ளவுஸ் வேணாம். தாளோட ஓரம் விரலுக்குத் தெரியாது, அதுவே கிழிக்கும். கையைக் கழுவி நல்லா காய வச்சுட்டு வெறும் கையாலயே திருப்புங்க. உதிர்ற தாள் மேல கண்ணாடியோட முழு எடையை இறக்காதீங்க, கண்ணாடி இல்லாம ஓரத்தை மட்டும் மெல்லிய அட்டைப் பட்டையால தொட்டுப் பிடிச்சு எடுங்க, லேசா வளைவு இருந்தா இருக்கட்டும். 90 டிகிரிக்கு மேல திறக்க மறுத்தா அதோட நிறுத்திக்குங்க. ஒரு தாளுக்கு ஒரு நிமிஷம் ஆனாலும் ஆகட்டும்.

வழவழப்பான ஆர்ட் பேப்பர், கலர் படம் எல்லாம் இதுலயே வருமா?

வரும், பாடு ஜாஸ்தி. விளக்கை இன்னும் தாழ்த்திப் பாருங்க. அடங்கலைன்னா விளக்கு முன்னாடி போலரைசர் ஃபிலிம் (ஒரே திசையில அதிர்ற வெளிச்சத்தை மட்டும் விடுற ஃபிலிம்), லென்ஸ் முன்னாடி இன்னொரு போலரைசர், ரெண்டையும் குறுக்கா 90 டிகிரியில திருப்பினா பளபளப்பு போயிடும், பதிலுக்கு வெளிச்சம் நிறைய குறையும். அச்சுப் படத்துல அலை அலையா வளையம் தெரிஞ்சா ஃபோனை ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஏத்தி இறக்கிப் பாருங்க.

எடுத்தாச்சு. 300 ஜேபெக் வச்சுக்கிட்டு இப்ப என்ன பண்றது?

முதல்ல ஒரிஜினலை அப்படியே ஒரு காப்பி எடுத்து வைங்க. அப்புறம் ஸ்கேன் டெய்லர்னு ஒரு மென்பொருள், இலவசம், ஓப்பன் சோர்ஸ். சுத்துறது, சாய்வை நிமிர்த்துறது, எழுத்துப் பகுதியை மட்டும் கண்டுபிடிக்கிறது, எல்லா பக்கத்துக்கும் ஒரே மார்ஜின் வைக்கிறதுன்னு வரிசையா போகும். ஒரு பக்கத்துல சரி பண்ணிட்டு "எல்லாத்துக்கும் இதே"ன்னு குடுத்துடலாம், நீங்க செட்டப்புக்குப் பட்ட பாடு இங்கதான் பலன் குடுக்கும். எழுத்து மட்டும் உள்ள பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாவும், படம் உள்ளதைக் கலராவும் எடுங்க.

பிடிஎஃப் ரொம்ப பெருசா வருது, நல்லா அமுக்கிடலாமா?

கறுப்பு வெள்ளைக்கு மாத்தினாலே பாதி பிரச்சனை தீரும். ஜேபிக்2ன்னு ஒரு சுருக்கும் முறை இருக்கு, அதுல லாஸி, அதாவது கொஞ்சம் விவரத்தை இழந்து சுருக்குற வகை மட்டும் வேணாம். அது ஒரே மாதிரி தெரியுற எழுத்துகளைச் சேர்த்து ஒண்ணையே எல்லா இடத்துலயும் ஒட்டும். 2013-ல டேவிட் க்ரீசல்னு ஒரு ஜெர்மன்காரர், ஜெராக்ஸ் கம்பெனி மெஷின்ல ஸ்கேன் பண்ண தாள்ல சில 6, 8 ஆகியிருக்கிறதைக் கண்டுபிடிச்சு வெளிய சொன்னார், காரணம் இந்த மாதிரி சுருக்கினதுதான். மங்கலா இருந்தா நமக்கே தெரியும், இது பளிச்சுன்னு தப்பா இருக்கும். எதையும் இழக்காத லாஸ்லெஸ் வகையோ, டிஃப் ஜி4-ங்கிற இன்னொரு லாஸ்லெஸ் முறையோ வச்சுக்குங்க.

தமிழ் ஓசிஆர் வேலை செய்யுமா, சும்மா சொல்றாங்களா?

செய்யும். ஓசிஆர்னா படத்துல இருக்குற எழுத்தைப் படிச்சு டைப் பண்ண எழுத்தா மாத்துறது. டெஸராக்ட்ங்கிற மென்பொருள் இலவசம், தமிழுக்கு டேட்டா ஃபைல் இருக்கு. தட்டையா, பளிச்சுன்னு எடுத்த பக்கத்துல நல்லாவே படிக்குது. அடிக்கடி குழம்புறது ர-வும் துணைக்காலும், ரெண்டும் அச்சுல கிட்டத்தட்ட ஒண்ணுதானே. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி அச்சான புத்தகத்துல ணை, லை, னை, றா எல்லாம் பழைய சுழி வடிவத்துல இருக்கும், அங்க நிறைய சொதப்பும், கண்ணால பார்த்துத் திருத்தித்தான் ஆகணும். நடுமடிப்புகிட்ட எழுத்து வளைஞ்சிருந்தா எந்த ஓசிஆரும் காப்பாத்தாது, திரும்ப எடுத்துடுங்க.

இதெல்லாம் சட்டப்படி சரியா? போலீஸ் கேஸ் ஆகிடாதே?

உங்க புத்தகத்தை நீங்க படிக்க எடுத்து வச்சுக்கிறதும், ஊருக்கே பகிர்றதும் வேற வேற. பெர்ன் ஒப்பந்தம்ங்கிற சர்வதேச பதிப்புரிமை ஒப்பந்தத்துல உள்ள நாடுகள்ல எழுதினவர் இறந்து குறைஞ்சது 50 வருஷம் பதிப்புரிமை உண்டு, பல நாட்டுல 60, 70. அது முடியாத புத்தகத்தை அனுமதி இல்லாம வெளிய விடாதீங்க. சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு எடுக்கலாம்ங்கிறது நாட்டுக்கு நாடு மாறும், உங்க நாட்டு சட்டத்தை ஒரு தடவை பார்த்துக்குங்க.

ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் பிரிச்சு மாட்டணுமா? எனக்கு மேசை ஒண்ணுதான் இருக்கு

எனக்கும் ஒண்ணுதான். முதல் தடவை எல்லாம் சரியா அமைஞ்சதும் புத்தகம் வைக்கிற அட்டைத் தொட்டிலோட நாலு மூலை, விளக்கோட கால், பலகையைத் தாங்குற அடுக்கு எல்லாத்துக்கும் மேசையில மார்க்கரால கோடு போட்டுடுங்க, மேசை கெட்டுப் போகும்னா டேப் ஒட்டி அது மேல போடுங்க. பலகையில ஃபோன் உக்கார்ற இடத்தைச் சுத்தியும் ஒரு கோடு, கவரோட வச்சீங்களா கவரைக் கழட்டிட்டு வச்சீங்களான்னு பக்கத்துலயே எழுதிடுங்க, அதுலதான் அடிக்கடி மறந்து போகும். அடுத்த தடவை கோட்டுல வச்சு, சின்னக் கண்ணாடியைப் போட்டு லென்ஸ் நடுவுல வருதான்னு பார்த்துட்டு, பத்து நிமிஷத்துல முதல் பக்கத்தை எடுத்துடலாம்.